முழுச் சஹன்

எண்ணூறு பேர் சாப்பிட்டு எழும்பிய பந்தலில் ஜமால்தீன் முதலில் பார்ப்பது ஆட்களை அல்ல, திரும்பி வரும் சஹன்களை. சஹன் என்பது ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து அள்ளிச் சாப்பிடுகிற பெரிய தட்டு. நடுவில் சோறு குன்றுபோல நிற்கும், உச்சியில் கறிக் கோப்பை. ஒவ்வொருவரும் தன் பக்கத்தில்தான் அள்ள வேண்டும். அடுத்தவர் எல்லைக்குள் கை போவது மரியாதை இல்லை. ஆகவே சாப்பிட்டு முடிந்த சஹனில் ஆறு குழிகள் இருக்கும். அந்தக் குழிகளை ஜமால்தீன் பேப்பர் வாசிப்பதுபோல வாசிப்பார். "இந்தக் குழிக்காரனுக்குக் கடவாய்ப் பல்லு நோவு, ஒரு பக்கமாத்தான் சப்பியிரிக்கான். இது மாப்பிள்ளைட சாச்சா, கோவத்துல பாதியில எழும்பியிரிக்காரு." பெரும்பாலும் சரியாக இருக்கும். பிழையாக இருந்தாலும் அவரிடம் சொல்ல ஆளில்லை.

அதைவிடத் தைரியம் வேண்டிய காரியம் அவருடைய கறியின் உப்பைப் பற்றிப் பேசுவது. முப்பது வருடத்தில் ஒரே ஒருவர் பேசினார். மூதூரிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளையின் பெரிய மாமா. "உப்புக் கொஞ்சம் தூக்கலோ" என்றார். அன்று எல்லாருக்கும் இனிப்புக்கு வட்டலப்பம் போனது, அவருக்கு மட்டும் போகவில்லை.

கிண்ணியாவில் கலியாணச் சமையல் என்றால் ஜமால்தீன் காக்காதான். இதோடு விட்டிருந்தால் அவருக்கும் ஊருக்கும் நல்லது. ஆனால் பெரிய கிடாரத்தில் சமைத்துப் பழகியவருக்குச் சின்னப் பதவி காணாது என்று நினைத்தோ என்னவோ, போதை ஒழிப்புக் குழுவுக்கு அவரைத் தலைவராக்கினார்கள். செயலாளர் அலியார் ஹாஜியார், ஓய்வுபெற்ற தபால் அதிபர். கடிதம் பிரிக்கிற வேலை போன பிறகு குடும்பங்களைப் பிரித்துப் பார்க்கிற வேலையில் இறங்கியிருந்தார். தலைவரின் பேச்சை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். ஐஸ் போதைக்கு அடிமையான பிள்ளையைக் கண்டுபிடிக்க ஐந்து அடையாளங்கள்: மெலிவான். தனிச்சிருப்பான். கதவைப் பூட்டுவான். பொய் சொல்லுவான். கேட்டால் கோபப்படுவான். ஜும்மாவுக்குப் பிறகு ஜமால்தீன் மைக்கைப் பிடித்து இந்த ஐந்தையும் விரல் மடக்கிச் சொல்வார். மடக்கி முடிந்ததும் அது முஷ்டியாகிவிடும். அந்த முஷ்டியை உயர்த்திக் காட்டுவதோடு பேச்சு முடியும்.

அவருடைய மூத்த மகன் அஸ்ஹானுக்கு இருபது வயது. சின்ன வயதில் கொழுகொழுவென்று இருந்தவன். பதின்மூன்று வயதில் ஊர் அவனுக்கு 'முழுச் சஹன்' என்று பேர் வைத்தது. ஆறு பேர் சஹனைத் தனி ஆளாக முடிப்பவன் என்று அர்த்தம். அவன் ஒரு நாளும் முடித்ததில்லை. பட்டப் பேருக்கு யார் சாட்சி கேட்கிறார்கள்? கடைசி இரண்டு வருடமாக அவன் மெலிந்துகொண்டு வந்தான். ஊர் கைதட்டியது. "மாஷா அல்லாஹ், பொடியன் இப்பதான் வடிவு" என்றார்கள். ஜமால்தீனும், தானே செதுக்கியதுபோல, ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

ஆவணி மாதம் ஒரு கலியாணம். கச்சான் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பந்தலைச் சுற்றித் தகரம் கட்டி, கந்தளாய்க் கீரிச்சம்பா அரிசியை நெய்யில் வறுத்து, பதினாலு கிடாரம் இறக்கியாகிவிட்டது. அஸ்ஹான் வழமைபோலச் சஹன் தூக்கினான். அந்த வெக்கையிலும் சேர்ட்டுக்கு மேல் சேர்ட் போட்டிருந்தான். மூன்றாவது பந்தியில், மணமகனுக்குப் போன சஹனோடு, மடித்து வைத்த துணி சரிவதுபோலச் சத்தமில்லாமல் விழுந்தான். சத்தம் முழுக்கச் சஹன் போட்டதுதான்.

தண்ணீர் தெளித்தார்கள். அவன் கண்ணைத் திறந்து முதலில் சொன்னது, "நான் சாப்பிட்டன், வெயில்தான்" என்பது. யாரும் கேட்கவில்லை, அவனாகத்தான் சொன்னான்.

அலியார் ஹாஜியார் ஜமால்தீனின் காதோரம் வந்தார். அவர் வாயில் வெற்றிலையும் இரக்கமும் ஒன்றாக மணத்தன.

"தலைவர், அஞ்சுல எத்தின?"

"என்ன கதை இது ஹாஜியார்?"

"நான் ஒண்டும் சொல்லல்ல. நீங்க சொன்னதத்தான் கேக்கன்."

அன்று கிடாரம் கழுவாமல் வீடு வந்தார் ஜமால்தீன். வழியெல்லாம் விரலை மடக்கினார். மெலிந்திருக்கிறான். ஒன்று. தனித்திருக்கிறான், சிநேகிதர் யாரும் வருவதில்லை. இரண்டு. சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறான், பைப்பைத் திறந்துவிடுகிறான். மூன்று. "வெளியில சாப்பிட்டன்" என்கிறான், ஆனால் வெளியே ஒரு கடையிலும் யாரும் அவனைக் கண்டதில்லை. நான்கு. ஐந்தாவதை மகனே வந்து மடக்கினான்.

"என்ட அறைக்குள்ள ஏன் வாப்பா நிக்கிறீங்க? வெளியில போங்க!"

முஷ்டி தயார். ஆனால் அதை எங்கே உயர்த்துவது?

மறுநாள் காலை அவன் வகுப்புக்குப் போனதும் ஜமால்தீன் அலுமாரியைத் திறந்தார். பஸ்மியா கதவோரம் நின்றாள். இருபத்திரண்டு வருடமாக அவருக்கு மனைவி. பந்தலில் அவர் சொல்வதை எண்ணூறு பேர் நம்பினாலும் வீட்டில் ஒருத்தி நம்பாமல் இருக்க வேண்டும் என்பதை ஒரு கடமையாகச் செய்து வருகிறவள்.

"இஞ்ச பாருங்க, அது ஐஸ் இல்ல."

"உனக்கு என்ன தெரியும்? நான் தலைவர்."

"நான் உம்மா."

தேடியது கிடைக்கவில்லை. கிடைத்தவை வேறு. தையற்காரர் வைத்திருக்கிற அளவு நாடா ஒன்று, பல இடங்களில் பேனையால் அடையாளமிட்டது. சட்டைகளுக்கு அடியில் பொலித்தீன் பையில் சுற்றிய சோறும் இறைச்சியும், பஸ்மியாவின் கையால் சமைத்தது, புளித்து நாறியது. கண்ணாடிக்குப் போர்வை. பாடசாலையில் எடுத்த வகுப்புப் படம். அதில் அஸ்ஹானின் முகம் அப்படியே இருந்தது. வயிறு இருந்த இடத்தை மட்டும் பேனையால் கிறுக்கி, காகிதம் கிழிந்துபோயிருந்தது.

ஜமால்தீன் அந்த ஓட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதன் வழியாகக் குசினி அடுப்பு தெரிந்தது.

"இது என்ன புதுசா? சோத்துக்குள்ள ஒளிச்சுக் கடத்திறானோ?" என்றார்.

பஸ்மியா பையை வாங்கி மூடினாள். "கடத்திறான்தான். வயித்துக்குப் போகாம."

அவருக்கு விளங்கவில்லை. விளங்காத விசயத்துக்குக் குழுவிடம் ஒரு வழி இருந்தது. சிறுநீரில் நனைத்துப் பார்க்கிற பட்டி. அன்று பின்னேரம் ஒரு கோப்பையை மகனிடம் நீட்டினார். அஸ்ஹான் கோப்பையையும் வாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். அதை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனான். கதவைப் பூட்டவில்லை, வேண்டுமென்றே அகலத் திறந்துவைத்தான். ஜமால்தீன்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போதை இல்லை என்று காட்டியது பட்டி. பழைய பட்டியாக இருக்கும் என்று இன்னொன்று நனைத்தார். அதுவும் இல்லை என்றது. ஒரு தகப்பனுக்கு அந்த நேரம் சந்தோசம் வரவேண்டும். வந்தது என்னவோ ஏமாற்றம். போதை என்றால் பேச்சு கையில் இருக்கிறது, விரல் இருக்கிறது, முடிவில் முஷ்டியும் இருக்கிறது. இதற்கு என்ன இருக்கிறது?

பஸ்மியா விடவில்லை. "திருகோணமலைக்குக் கூட்டிப் போங்க. நீங்க போகாட்டி நான் போறன்."

டொக்டர் சிவாஜினி நகரத்துக் கிளினிக்கில் மனநோய் பார்க்கிறவர். பாலையூற்றில் வீடு. அஸ்ஹானோடு முக்கால் மணித்தியாலம் தனியாகக் கதைத்தார், நாடி பார்த்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார். இரத்த முடிவு வந்ததும் தகப்பனைக் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஐயா, இது சாப்பாட்டோட சம்பந்தப்பட்ட வருத்தம். பயப்பிடுறதுக்கு விசயம் இருக்கு. நாடி சரியான மெதுவாப் போகுது. இரத்தத்தில உப்புச்சத்துக் குறைஞ்சு கிடக்கு. இப்பிடியே போனா இதயம் ஒரு நாள் நிண்டிடும். அண்டைக்கு விழுந்தது ஒரு எச்சரிக்கை."

உப்புக் குறைவு. தன் வீட்டில். அதையும் எழுதி வாங்க வேண்டியதாகிவிட்டது.

"டொக்டர், இது பொம்பிளப் புள்ளைகளுக்கு வாறதெண்டு..."

"பொடியன்மாருக்கும் வரும். அவையள் சொல்றேல்லை, நாங்களும் கேக்கிறேல்லை."

"சாப்பாடு இல்லாத வீட்டுல வந்தா நியாயம். நான் எண்ணூறு பேருக்குச் சமைக்கிறவன்."

"எண்ணாயிரம் பேருக்குச் சமைச்சாலும் வரும். பசி இல்லாமல் இல்லை அவருக்கு. பயம்தான். கண்ணாடியில அவர் பாக்கிற ஆளும் நீங்கள் பாக்கிற ஆளும் வேற வேற." டொக்டர் பேனையை எடுத்தார். "வீட்டில எப்பிடிச் சாப்பிடுறனீங்கள்?"

ஜமால்தீனின் முதுகு நிமிர்ந்தது. கடைசியில் அவருக்குத் தெரிந்த கேள்வி. "பகல் சாப்பாடு ஒரே சஹன்ல. நாலு பேரும் ஒண்டா. எங்கட வீட்டுல தனித்தனிப் பீங்கான் கிடையாது. அதுதான் எங்கட ஒற்றுமை."

"அப்ப அவர் எவ்வளவு சாப்பிடுறார் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. மடக்க எடுத்த முதல் விரல் மட்டும் பாதியில் நின்றது.

"ரெண்டு கிழமை பாப்பம். நிறை ஏறாட்டி வார்ட்டில வைக்க வேணும். சேர்ந்து சாப்பிடுறது நல்லது, அதை விடாதேங்கோ. சாப்பிடேக்க அவரை உத்துப் பாக்க வேண்டாம், புகழ வேண்டாம், ஏச வேண்டாம். ஆருடைய உடம்பைப் பற்றியும் வீட்டில கதைக்கக் கூடாது. மெலிவு எண்டும் வேண்டாம், குண்டு எண்டும் வேண்டாம்."

"பிறகு என்னத்தக் கதைக்கிற?"

"வேற எல்லாத்தையும்."

மோட்டார் சைக்கிளில் திரும்பினார்கள். பின்னால் ஆள் இருக்கிற பாரம் தெரியவில்லை. கிண்ணியாப் பாலத்தில் எதிர்க்காற்று அடித்தபோது, மகன் இருக்கிறானா என்று கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்தார். பாலம் தாண்டித் தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினார். அஸ்ஹான் வெறும் தேத்தண்ணியைச் சீனி போடாமல் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். ஜமால்தீனால் பொறுக்க முடியவில்லை. குழுவில் பழகிய கேள்வி தானாக வெளியே வந்தது.

"மகன், இத உனக்கு ஆரு பழக்கின? பேர மட்டும் சொல்லு. நான் பொலிசுக்குப் போகமாட்டன்."

அஸ்ஹான் சிரித்துவிட்டான். கன்ன எலும்பு இரண்டும் வெளியே வந்தன.

"வாப்பா, இது ஆரும் பக்கெட்டுல கொண்டுவந்து தாற சாமான் இல்ல."

"ஆராவது தொடக்கி வெச்சிரிப்பான்தானே? ஜிம்முல எவனும்? போன்ல எவனும்?"

அவன் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "முனைச்சேனையில ஒரு கலியாணம். எனக்குப் பதின்மூணு வயசு. நீங்க மைக்க எடுத்தீங்க. ஞாவகம் இரிக்கா?"

ஜமால்தீனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பன்னிரண்டு கிடாரம், இரண்டு எருமைக் கடா. மணமகளின் வாப்பா கண்கலங்கிக் கையைப் பிடித்தார்.

"நான் என்ன சொன்ன?"

"'இவர் என்ட மகன். இவர் ஒரு ஆளே ஒரு முழுச் சஹன்' எண்டு சொன்னீங்க. சொல்லிப்போட்டு என்ட வயித்துல தட்டினீங்க. மைக் வயித்துக்குக் கிட்ட இரிந்த. அந்தச் சத்தம் பந்தல் முழுக்கக் கேட்ட."

அது ஞாபகம் இல்லை. எவ்வளவு தேடியும் அது மட்டும் இல்லை. பேரை ஊர்தான் வைத்தது என்று அவர் ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"பகிடிக்குத்தானே மகன்."

"ஓம். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்ச." தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தான். "உங்கள மட்டும் சொல்ல ஏலா வாப்பா. பிறகு நான் மெலிஞ்சு வரக்குள்ள, வடிவு வடிவு எண்டு ஊரே சொன்ன. அதுக்குப் பிறகுதான் நிப்பாட்ட ஏலாமப் போன. நிப்பாட்டினா அந்தச் சத்தம் திரும்பக் கேக்கும்."

அடுத்த நாள் பகல் சஹன் வைத்தபோது ஜமால்தீன் மகனைப் பார்க்கவில்லை. சோற்றைப் பார்த்தார். அஸ்ஹானுக்குப் பக்கத்தில் எப்போதும், அவனை நானா என்று கூப்பிடுகிற தங்கை அசனாதான் உட்காருவாள், பன்னிரண்டு வயது. மகன் சோற்றைக் கறியோடு பிசைந்தான், உருட்டினான், கையை எடுத்தான், வாய்க்குக் கொண்டுபோனான். யார் பார்த்தாலும் சாப்பிடுகிறவன்தான். ஆனால் விரலின் பின்புறத்தால் சோறு மெல்ல மெல்ல அசனாவின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. அவன் பக்கத்துக் குழி பெரிதாக இருந்தது. குழிக்குள் இருந்த சோறு எல்லை தாண்டியிருந்தது. எண்ணூறு பேரின் பல்நோவைத் தட்டிலே வாசித்த மனிதர், இரண்டு வருடமாகத் தன் சொந்தச் சஹனை வாசிக்கவில்லை.

கை கழுவும் இடத்தில் மகளைப் பிடித்தார். "நானா சோத்தத் தள்ளிறது உனக்குத் தெரியுமா?"

அசனா நிலத்தைப் பார்த்தாள். "சொன்னா மௌத்தாகிடுவன், செத்திடுவன் எண்டு நானா சொன்னாங்க. அதான் நான் எல்லாத்தையும் சாப்பிட்ட."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு குழு வந்தது. அலியார் ஹாஜியாரும் இன்னும் மூன்று பேரும். கதிரையில் உட்கார்ந்ததும் ஹாஜியார் ஒரு கடித உறையை எடுத்து மடியில் வைத்தார்.

"தலைவர், குழுவெண்டா எல்லாருக்கும் ஒரே சட்டம். மகன ஒரு புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்புவம். இடம் நான் கதைச்சாச்சு. ஊர் நம்மளப் பாத்துக்கிட்டிரிக்கி."

"ரெண்டு தரம் பாத்திட்டன். ஐஸ் இல்ல."

"இல்லாம இப்பிடி மெலிவானா?"

"அவனுக்குச் சாப்பிட ஏலா. அது ஒரு வருத்தம். டொக்டர் சொன்ன."

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவருக்கு இருமல் வந்தது, அது இருமல் இல்லை. "சாப்பிடாத வருத்தமா? உங்கட வீட்டுலயா காக்கா?"

"ஐஸ் எண்டா ஊருக்குச் சொல்லலாம்" என்றார் ஹாஜியார், உண்மையான கவலையோடு. "இத எப்பிடிச் சொல்லிற?" பிறகு உள்ளே திரும்பி, பழைய உரிமையோடு குரல் கொடுத்தார்: "எங்க எங்கட முழுச் சஹன்? கொஞ்சம் இஞ்சால வரச் சொல்லுங்க, ஆளப் பாப்பம்."

"ஹாஜியார்." ஜமால்தீனின் குரல் மைக் இல்லாமல் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. "அவன்ட பேர் அஸ்ஹான். மத்தப் பேர் நான் வெச்ச. நான் எடுத்திட்டன். இனி அந்தப் பேர் ஆர்ட வாயிலயும் வரக்கூடா."

"தலைவர், இது பகிடிக்கு..."

"ஓம். நானும் அப்பிடித்தான் சொன்ன." எழுந்து நின்றார். "தலைவர விலக்கிற கடிதம் அந்த உறைக்குள்ள இரிந்தா வெச்சிட்டுப் போங்க. நாங்க சாப்பிடப் போறம்."

அவர்களைச் சாப்பிடச் சொல்லவில்லை. வாசலுக்கு வந்தவரைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. படலை வரை போன ஹாஜியார் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், மனது மாறுமோ என்று. பின்னால் ஜமால்தீன் அன்று தன் கையால் ஆக்கிய நெய்ச்சோறும் இறைச்சியும் மணத்துக்கொண்டிருந்தன.

பாய் விரித்துச் சஹனை வைத்தாள் பஸ்மியா. நாலு பேரும் உட்கார்ந்தார்கள். வேற எல்லாத்தையும் கதைக்க வேண்டும். ஜமால்தீன் புல்மோட்டைக் கடற்கரையில் அள்ளுகிற தாது மண்ணைப் பற்றிச் சொன்னார், கச்சான் எப்போது விடும் என்று சொன்னார், பிறகு சரக்குத் தீர்ந்துவிட்டது. காற்று தகரத்தை ஆட்டியது.

அப்போது அசனா தன் பக்கத்துச் சோற்றை விரலின் பின்புறத்தால் மெல்லத் தள்ளினாள். நானாவின் பக்கத்துக்கு.

அஸ்ஹானின் கை நின்றது. அந்தத் தள்ளலை அந்த வீட்டில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை.

"என்ன புள்ள செய்றா?"

"எனக்குக் காணும். ஸ்கூல்ல என்ன குண்டு எண்டுறாங்க."

ஜமால்தீனின் வாய் திறந்தது. ஒரு முழுப் பேச்சு நாக்கு நுனி வரை வந்து நின்றது. பஸ்மியா பார்த்த பார்வையில் அதை ஒரு பிடி சோற்றோடு சேர்த்து விழுங்கினார்.

"ஆரு சொன்ன?" என்றான் அஸ்ஹான்.

"எல்லாரும்."

"சிரிச்சியா?"

"ஓம்."

அஸ்ஹான் சஹனைப் பார்த்தான். அவள் தள்ளிய சோறு அவன் எல்லைக்குள் கிடந்தது. திருப்பித் தள்ளினால் அவள் மறுபடி தள்ளுவாள். "இனிச் சிரிக்காத" என்றான். "நீ ஒரு வாய் சாப்பிடு. நான் ஒரு வாய் சாப்பிடுறன். களவு இல்லாம."

"நீங்க முதல்ல."

அவன் அள்ளினான். மென்றான், கண்ணை மூடிக்கொண்டு, கல்லை மெல்கிறவன்போல. அசனா அள்ளினாள். பிறகு அவன். மூன்றாவது வாயா நாலாவதா என்று ஜமால்தீனுக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் சத்தியமாகக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாஷா அல்லாஹ் என்ற சொல் மட்டும் தொண்டைக்குள் மீன் முள்போல நின்றது.

முடிந்ததும் சஹனைத் தானே தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனார். பின்கதவு வெளிச்சத்தில் வைத்துக் குனிந்தார். அசனாவின் குழி. பஸ்மியாவின் குழி. அவருடையது. அஸ்ஹானின் பக்கம் ஒரு சின்னக் குழி, சிரட்டைப் பாதி கூட இருக்காது. அதற்கும் அசனாவின் குழிக்கும் நடுவில் சோற்று வரம்பு உடையாமல் நின்றது. ஆனாலும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கறிக் கோப்பையைத் தூக்கிப் பார்த்தார். அடியில் இரண்டு இறைச்சித் துண்டுகள் ஒளிந்திருந்தன. கோப்பையை மறுபடி அவற்றின்மேலேயே வைத்தார்.

பாத்ரூம் பைப் திறக்கிற சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தார். வரவில்லை. பாயிலிருந்து குரல்தான் வந்தது.

"வாப்பா."

"ஓ மகன்?"

"இண்டைக்கு இறைச்சிக்கு உப்புக் கூட."

பஸ்மியாவின் கையில் இருந்த தண்ணீர்க் கோப்பை அப்படியே நின்றது. அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல். சாப்பிட்டதாகக் காட்டிக்கொள்வதற்காகச் சொல்கிறானோ? அப்படியும் இருக்கலாம். ஜமால்தீன் மகனின் குழி விளிம்பில் கறி ஊறியிருந்த இரண்டு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தார். உப்பு எப்போதும்போல அளவாகத்தான் இருந்தது.

"ஓம் மகன்," என்றார். "கூடத்தான். நாளைக்குக் குறைச்சுப் போடுறன்."